ஊசியைத் தூக்கவிடாத தட்டு

(சுழலும் சொல்லரங்கம். தலைப்பு: இளையராஜாவின் இசைத்தட்டுகளில் முதலிடம் எதற்கு? ஆறாவது பேச்சு: ‘சிந்து பைரவி’க்கே!)

நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் ஆளுக்கொரு தட்டைச் சுழற்றிவிட்டுப் போயிருக்கிற ஐந்து நண்பர்களே! வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மதுரைப் பெருமக்களே! 

இந்தத் தலைப்பில் பேசப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “இளையராஜா தட்டுல ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுத்துப் பேசணுமாம்.” எங்க வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “மார்க்கெட்டுக்கு அனுப்பினா நாலு கத்தரிக்காய் சொத்தை இல்லாமப் பொறுக்கத் தெரியாது. நீங்க ஆயிரம் படத்துல ஒண்ணு பொறுக்கப் போறீங்களா?” (சிரிப்பு)

நியாயமான கேள்விதானே ஐயா? 1976-இல் ‘அன்னக்கிளி’. 1987-இல் ‘நாயகன்’ வரும்போது அது அவருக்கு நானூறாவது படம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே, நானூறு படம். பத்து நாளைக்கு ஒரு படம்! நமக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை முடி வெட்டிக்க நேரம் கிடைக்கவில்லை. (சிரிப்பு) 1990-இல் ‘அஞ்சலி’ ஐந்நூறாவது. அப்புறம் ஆயிரத்தையும் தாண்டிவிட்டார்.

இங்கிலாந்தில் பீட்டில்ஸ் என்று நாலு பேர் இருந்தார்கள். 1963-லிருந்து 1970-க்குள் அவர்கள் போட்ட நீளத்தட்டு ஒரு டஜனைச் சுற்றித்தான் வரும். அதிலே எது உசத்தி என்று வெள்ளைக்காரன் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். டஜனுக்கே அந்தச் சண்டை என்றால், ஆயிரத்துக்கு நாம் போடுகிற சண்டைக்கு ஒரு நாள் போதுமா?

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே பாடுகிறவர்களே எழுதி, இசையமைத்து, எது முதலில், எது கடைசியில் என்று அடுக்கி, ஒரு தட்டாகவே நினைத்துச் செய்கிறார்கள். அதற்குப் பெயர் ஆல்பம். அப்படிச் செய்தும் பிசகும். 1968-இல் பீட்டில்ஸ் இரட்டைத் தட்டு ஒன்று போட்டார்கள். அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே, ஒரே தட்டாகக் குறைத்திருக்கலாம் என்றார். நம்ம ஊரில் நிலைமை வேறே. இங்கே தட்டு என்றால் படத்தின் பாட்டு. டைரக்டர் வந்து உட்கார்ந்து, “சார், ஒரு தாலாட்டு, ரெண்டு டூயட், ஒரு சோகம், வில்லன் வீட்டில் ஒரு ஆட்டம்” என்று மளிகைச் சாமான் மாதிரி லிஸ்ட் கொடுப்பார். அந்த லிஸ்டை வாங்கிக்கொண்டு ஒரு மனுஷன் முழுசான தட்டு கொடுக்கிறார் என்றால், அதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நாலு நல்ல பாட்டு இருந்தால் போதாது. அந்த நாலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. எங்க அப்பா வாடிப்பட்டியில் மைக்செட் கடை வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம், துக்க வீடு எல்லாவற்றுக்கும் எங்க குழாய்தான். அகுஜா ஆம்ப்ளிபயர், நாலு குழாய், ரெண்டு மைக், ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டு. அந்தப் பெட்டிக்குக் காவல் நான். விடிகாலை நாலு மணிக்குப் பந்தலில் உட்கார்ந்து முதல் தட்டைப் போடுகிறவனும் நான்தான். ஊரே என்னைத் திட்டிக்கொண்டு எழுந்திருக்கும். (சிரிப்பு)

இளவட்டங்கள் சும்மா விடமாட்டார்கள். “டேய், அந்த மூணாவது பாட்டைப் போடுறா” என்பார்கள். நான் ஊசியைத் தூக்கி, பாட்டுக்குப் பாட்டு நடுவிலே தெரிகிற இடைவெளியைக் கண்ணால் குறிபார்த்து வைப்பேன். கை கொஞ்சம் ஆடினால் கர்ரென்று ஒரு சத்தம் ஊரையே அறுக்கும். அப்பா பின்னாலிருந்து ஒன்று போடுவார். அடி விழுந்த கையோடு ஒரு பாடமும் விழும். “டேய், ஊசியைத் தூக்க வச்சா அந்தத் தட்டுல ஓட்டை இருக்குன்னு அர்த்தம். பந்தியில உட்கார்ந்திருக்கிறவன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே காதைக் கொடுக்கணும். ஒரு பக்கம் முழுக்க ஓடி முடியுற வரைக்கும் ஒருத்தனும் உன்கிட்ட வரக்கூடாது. அதுதான்டா தட்டு.”

இன்னொன்றும் சொல்வார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எந்தப் பாட்டு அதிகம் ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஊசி உழுது உழுது அந்தப் பாட்டின் கோடுகள் மட்டும் வெளுத்துப் போயிருக்கும். மற்றதெல்லாம் புதுக் கறுப்பாய் மின்னும். விமர்சனம் எழுதுகிறவன் பொய் சொல்லலாம். வெளுத்துப்போன கோடு பொய் சொல்லாது ஐயா. (கைதட்டல்)

இந்த ரெண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு மற்ற தட்டுகளைப் பார்க்கிறேன். யாரையும் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் அண்ணன் தம்பியே ஆனாலும் அளந்துதானே ஆகவேண்டும்.

‘அன்னக்கிளி’க்காக அந்த அம்மா அழுத்தமாகப் பேசினார்கள். முதல் குழந்தை, அதற்குண்டான பாசம் வேறே. 1976-இல் அது வந்தபோது டீக்கடை டீக்கடையாக நின்று கேட்டார்கள் என்பது உண்மை. எங்க பெட்டியில் அந்தத் தட்டும் இருந்தது. ஆனால் அம்மா, ஜானகி மச்சானைத் தேடுகிற அந்த ஒரு பாட்டு மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். (சிரிப்பு)

‘கரகாட்டக்காரன்’ பேசிய தம்பி, இந்த ஊரிலே ஒரு வருஷத்துக்கு மேலே ஓடிய படம் என்றார். 1989-இல் வந்த படம்; ஓடியது நிஜம். நானும் மூணு தடவை போனேன். ஆனால் தம்பி, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், பாதிப் பேர் போனது பாட்டுக்கா, வாழைப்பழத்துக்கா? (பலத்த சிரிப்பு)

‘தளபதி’ பேசிய நண்பர் பிபிசியைக் கூட்டிக்கொண்டு வந்தார். 2002-இல் பிபிசி உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் அந்தப் படத்துப் பாட்டு ஒன்றுக்கு உலகத்திலேயே நாலாவது இடம். பெருமைதான். ஆனால் முதல் மூணு இடம் எதற்கு என்று அவர் சொல்லவில்லை. முதலில் ஒரு ஐரிஷ் தேசபக்திப் பாட்டு, ரெண்டாவது ‘வந்தே மாதரம்’, மூணாவது பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’. அது பாட்டுப் போட்டியா, ஐக்கிய நாடுகள் சபையா? (சிரிப்பு)

பேராசிரியர் ஐயா ‘ஹௌ டு நேம் இட்’ பற்றிப் பேசியதற்கு நான் எழுந்து நின்று கைதட்டினேன். 1986-இல் வந்தது. படம் கிடையாது, டைரக்டர் கிடையாது, லிஸ்ட் கிடையாது. தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மன் வயலின். வெள்ளைக்காரன் சொல்கிற அர்த்தத்தில் அதுதான் சுத்தமான ஆல்பம். அதிலே ஒரு பாட்டுக்கு, ‘என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்’ என்று பொருள் வருகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் பெயர். நம்ம பண்ணைப்புரத்துக்காரர் வீட்டுக்குப் பாக் வருகிறார்! வரட்டும், காபி கொடுப்போம். ஆனால் ஐயா, தியாகராஜரை நம்ம ஊர் வயல்காட்டுக்கு யார் கூட்டிக்கொண்டு வந்தது? அது ஒரு வருஷம் முன்னாடியே நடந்துவிட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

‘திருவாசகம்’ பேசிய புலவர், புடாபெஸ்ட்டிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவை இறக்கினார். 2005-இல் வந்தது. மாணிக்கவாசகர் யார்? இதோ மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்து, இந்த மதுரையில் பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவர். நம்ம வீட்டுச் சொத்து. ஆனால் விடிகாலை காதுகுத்து வீட்டில் அதைப் போட்டால் காது குத்த வந்த ஆசாரியே அழுதுவிடுவார். (சிரிப்பு) அதைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இனி என் தட்டு. 1985-இல் கே. பாலசந்தர் எடுத்த படம் ‘சிந்து பைரவி’. கதை எல்லோருக்கும் தெரியும். ஜே.கே.பி. என்று ஒரு பெரிய பாடகர், சிவகுமார். வீட்டுக்காரி பெயர் பைரவி. சிந்து என்று ஒரு பெண், சுகாசினி. அவள் கச்சேரியில் எழுந்து, ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் பாடக்கூடாதா என்று கேட்டுவிடுகிறாள். “நீ வந்து பாடு பார்ப்போம்” என்கிறார் அவர். பாடிவிடுகிறாள். ஐயா, அது படமே இல்லை, ஒரு பட்டிமன்றம்! (கைதட்டல்)

பெயரைப் பாருங்கள். சிந்துபைரவி என்பது ஒரு ராகம். அதை இரண்டாக வெட்டினால் சிந்து தனி, பைரவி தனி. சிந்து என்றால் என்ன? காவடிச் சிந்து, நொண்டிச் சிந்து. கழுகுமலை முருகனுக்குக் காவடி தூக்குகிறவர்கள் பாட அண்ணாமலை ரெட்டியார் எழுதிக் கொடுத்தாரே, அந்தச் சிந்து. ஆடிக்கொண்டே பாடுகிற ஜனங்களின் பாட்டு. பைரவி என்றால் சபாவில் மணிக்கணக்கில் விஸ்தாரம் பண்ணுகிற பெரிய ராகம். தெருவும் சபாவும் ஒரே பெயருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. தட்டின் அட்டையிலேயே வழக்கு ஆரம்பமாகிவிட்டது.

இந்த வழக்குப் பழசு. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். தமிழ்நாட்டில் தமிழில் பாடு என்று கேட்கவே மாநாடு போட வேண்டியிருந்தது. மதுரையிலும் தமிழ் இசைச் சங்கம் வந்து, ராஜா முத்தையா மன்றம் எழுந்தது உங்களுக்குத் தெரியும். அந்த 1943-இல்தான், அப்போது மதுரை ஜில்லாவில் இருந்த பண்ணைப்புரத்தில் ராசையா பிறக்கிறார். 1996-இல் தேனி மாவட்டம் பிரிகிற வரைக்கும் அவர் நம்ம ஜில்லாக்காரர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்க் கட்சிக் கூட்டங்களில் ஆர்மோனியம் வாசித்த பையன். எங்க அப்பா மாதிரி மைக்செட்காரர்கள் கட்டிய குழாயில் பாடித்தான் அவர் வளர்ந்தார். அந்தக் கை, நாற்பத்திரண்டு வயதில், இந்தப் பழைய வழக்குக்குப் பதில் எழுதுகிறது.

தட்டில் என்ன இருக்கிறது? தீட்சிதர் இருக்கிறார், நாட்டை ராகத்தில் பிள்ளையார் பாட்டு. மைக்செட்காரனுக்குப் பிள்ளையார் பாட்டு இல்லாமல் பொழுது விடியாது. தியாகராஜர் இருக்கிறார். பாரதியார் இருக்கிறார். மற்றதற்கு வைரமுத்து. குடிக்காக வித்வான் தன்மானத்தை விற்றுப் பாடுகிற பாட்டும் இருக்கிறது. ஒரே தட்டில் பிள்ளையாரும் உண்டு, பிராந்தியும் உண்டு! (பலத்த சிரிப்பு) எல்லா வீட்டுக்கும் ஆகிற தட்டு.

‘கலைவாணியே’ என்று ஜேசுதாஸ் பாடுகிறாரே, கல்யாணி ராகம். ராகத்துக்கு ஏறுகிற வரிசை ஒன்று, இறங்குகிற வரிசை ஒன்று உண்டு. ஆரோகணம், அவரோகணம். இந்தப் பாட்டில் ராஜா ஏறுகிற வரிசையை மட்டும் வைத்துக்கொண்டார். இறங்கவே இல்லை. திருப்பரங்குன்றம் மலையில் படி ஏறுகிறோம். இறங்கக்கூடாது என்று சொன்னால் என்ன செய்வோம்? ஒவ்வொரு தடவையும் சட்டென்று அடிவாரத்துக்குத் தாவி, மறுபடி ஏற வேண்டும். கேட்கிறவனுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. என்னவோ தூக்கிக்கொண்டே போகிறதே என்று மட்டும் தெரியும். எங்க பந்தியில் இலை எடுக்கிறவர் ஒருத்தர் சொன்னார்: “இந்தப் பாட்டு வந்தா குனிஞ்சு இலை எடுக்கவே தோணலை தம்பி.” (கைதட்டல்)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘பாடறியேன்’ பாட்டு. சித்ராவுக்கு முதல் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ராஜாவுக்கும் சுகாசினிக்கும் அந்தப் படத்துக்குத் தேசிய விருது. தனக்குச் சங்கீதம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் நாட்டுப்புற மெட்டில் ஆரம்பிக்கிறாள். தெம்மாங்கு மாதிரி போகிறது. போய்க்கொண்டே இருக்கும்போது ஸ்வரம் வருகிறது. ஸ்வரம் முடிகிற இடத்தில் பார்த்தால், தியாகராஜருடைய ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் நிற்கிறாள்! எங்கே தெரு முடிந்தது, எங்கே சபா ஆரம்பித்தது என்று கோடு கிழிக்க முடியாது. ஏனென்றால் ரெண்டும் ஒரே ராகம். சாரமதி.

இங்கேதான் சங்கீதம் தெரிந்தவர்கள் ராஜாவைப் பிடித்துக்கொண்டார்கள். ‘மரி மரி நின்னே’ தியாகராஜர் காம்போதியில் செய்தது. அதை எடுத்துச் சாரமதியில் வைக்க இவர் யார்? கேள்வி சரிதான். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தர் கட்டிய வீட்டுக்கு இன்னொருத்தர் வேறே வர்ணம் அடித்தால் கோபம் வரத்தான் செய்யும். பாரதியார் பாட்டை ஆளுக்கொரு ராகத்தில் பாடுகிறோம், யாரும் வழக்குப் போடுவதில்லை. தியாகராஜருக்கு மட்டும் ஏன் என்று திருப்பிக் கேட்கலாம். கேட்டால் இந்த மேடையில் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது முழுப் பதில் இல்லை. கீர்த்தனையில் ராகம் சட்டை இல்லை, தோல். அதனால் அந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை ஐயா. அதைச் செய்ததால் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்க அப்பா கோயில் நவராத்திரிக் கச்சேரிகளுக்கும் மைக் கட்டுவார். வருஷம் பத்து நாள். மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிபயர் பக்கத்தில், வயருக்கு நடுவிலே ஒரு கோணிச்சாக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார். இருபது வருஷம் அப்படி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ரசிகர்கள் தலையாட்டுவது எல்லோருக்கும் தெரியும். பின்னால் ஒருத்தர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தோன்றாது. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு ராகத்துக்கும் பெயர் தெரியாது.

1986-இல் ‘சிந்து பைரவி’ தட்டை நான் அடம்பிடித்து வாங்க வைத்தேன். “கச்சேரிப் பாட்டை எந்தக் காதுகுத்துல போடப் போறே?” என்று திட்டிக்கொண்டேதான் காசு கொடுத்தார். கடையிலே போட்டுக் காட்டினேன். சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்தவர், ‘பாடறியேன்’ கடைசியில் அந்தக் கீர்த்தனை வந்ததும் நிமிர்ந்தார். “மறுபடி வை” என்றார். ஊசியைத் தூக்காதே என்று அடித்த மனுஷன், ஐயா! வைத்தேன். மூணாவது தடவையும் வைக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்: “கோயில்ல மோட்சம் மோட்சம்னு ஒரு பாட்டு பாடுவாங்கடா. இதுவும் அதுவும் ஒரே வகையறாடா.”

நம்ம பக்கத்தில் வகையறா என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகள். கூட்டத்தில் புதுசாக ஒரு பையன் நின்றால், மூக்கைப் பார்த்தே, “நீ இன்னார் வகையறாவா?” என்று கேட்பார்களே, அது. ராகம் என்பதை இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மெட்டு வேறே, பாஷை வேறே, ஆனால் முகஜாடை ஒன்று.

அந்த வருஷம் நவராத்திரியில் ஒரு பெரிய மனிதர் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து மைக் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். சங்கீதம் தெரிந்தவர். அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “ஐயா, ஒரு சந்தேகம். இந்த சிந்து பைரவி படத்துல வர்ற சாமி பாட்டும், இங்க பாடுற மோட்சம் பாட்டும் ஒரே மாதிரி இருக்குங்களே?”

அவர் சிரித்தார். “மரி மரி நின்னே காம்போதிய்யா. சினிமாக்காரன் மாத்திக் கெடுத்து வச்சிருக்கான். ரெண்டும் ஒண்ணா எப்படி இருக்கும்? நீ வயர் சரியா இருக்கான்னு பாரு.”

அப்பா குனிந்து வயரைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பதினேழு வயது. எனக்கும் ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பா மேலேதான் கோபம் வந்தது. தெரியாததை எதுக்குப் பேசி அவமானப்படணும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருகிற வழியிலே அதைச் சொல்லவும் சொன்னேன். அதற்கப்புறம் அவர் பாட்டைப் பற்றி என்னிடம் பேசவில்லை. தட்டைப் போடுவார், எடுப்பார், துடைப்பார். 1999-இல் காலமானார்.

2003-இல் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சர் ஒரு கீர்த்தனைப் புத்தகம் வைத்திருந்தார்கள். சும்மா புரட்டினேன். ‘மோட்சமு கலதா’. தியாகராஜர். ராகம் என்று போட்டிருக்கிற இடத்தைப் பார்த்தேன் ஐயா. சாரமதி.

(அரங்கில் அமைதி)

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. ‘மரி மரி நின்னே’ காம்போதிதான். ஆனால் அவர் புத்தகத்தில் இருக்கிற பாட்டை நினைத்துப் பதில் சொன்னார். அப்பா குழாயில் கேட்ட பாட்டை வைத்துக் கேட்டார். ராஜா எந்த வகையறாவில் கொண்டுபோய் வைத்தாரோ அந்த வகையறாவை, பெயர் தெரியாமல், காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். டீச்சரிடம் அந்தக் கீர்த்தனைக்கு அர்த்தம் கேட்டேன். பக்தியும் சங்கீத ஞானமும் இல்லாதவர்களுக்கு மோட்சம் உண்டா என்று தியாகராஜர் கேட்கிறாராம். சங்கீதமே தெரியாது என்று சொல்கிற பெண்ணின் பாட்டை ராஜா கொண்டுபோய் வைத்தது அதே ராகத்தில்! (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர் ஒருவர் குறுக்கே கேட்டார்: “எஸ்.பி.பி. இல்லாத தட்டு, ஜானகி இல்லாத தட்டு. அது ராஜா தட்டா?” எனக்கும் அந்தக் குறை உண்டு. கல்யாண வீட்டு இளவட்டங்களும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு தட்டு முழுக்க ஜேசுதாஸும் சித்ராவுமாகவே போவது சில காதுக்கு ஒரே ருசியாய்த் தெரியலாம். அதே நண்பர், கீர்த்தனைகள் ராஜா போட்ட மெட்டு இல்லையே, அதை எப்படி அவர் கணக்கில் எழுதுவது என்றும் கேட்டார். கல்லு மலையிலிருந்து வந்தது. கோபுரம் கட்டினவன் கணக்கில்தானே எழுதுகிறோம்?

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவருடைய சிம்பொனியை வாசித்தார்கள். நான் டிவியில் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அந்த மேடையில் மைக்கை வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தவர் யாரென்று தேடத் தோன்றியது. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா. வந்ததிலிருந்து இந்த மஞ்சப் பையில் என்ன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். இதுதான் அந்தத் தட்டு. எங்க கடைத் தட்டு. கடை போய்விட்டது, குழாய் பழைய இரும்புக்குப் போய்விட்டது. இதை மட்டும் கொடுக்கவில்லை. அட்டை கிழிந்திருக்கிறது, மன்னிக்கவும். பிடியுங்கள் ஐயா, விளிம்பை மட்டும் பிடியுங்கள். விரல் படக்கூடாது, அப்பா திட்டுவார். அந்த விளக்குக்கு நேரே கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். எந்தப் பாட்டு அதிகம் வெளுத்திருக்கிறது என்று நீங்களே சபைக்குச் சொல்லுங்கள். திருப்பி, அந்தப் பக்கத்தையும் பாருங்கள்.